மேல்முறையீட்டில் கழியும் காலம்: கருத்தரங்கத் தலைமை உரை

நில வழக்கும், குழந்தை யார் வசம் இருக்க வேண்டும் என்ற வழக்கும் சட்டப் படிப்பில் வெவ்வேறு தாள்கள். இக்கருத்தரங்கு இரண்டையும் ஒரே அமர்வில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் இறுதித் தீர்ப்பு வருமுன்னரே, இடையில் யார் கையில் இருக்கிறது என்பது பாதி வழக்கை முடித்துவிடுகிறது.

முதலில் நிலம். டெல்லித் தமிழர்களில் பலர் மத்திய அரசு ஊழியர்கள். சரோஜினி நகர், நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தவர்கள். 2016 ஜூலையில் அவை உட்பட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 12,970 வீடுகள் இருந்த இடத்தில் சுமார் 25,667 வீடுகள். அதற்காக மரம் வெட்டுவதை எதிர்த்த பொதுநல மனு 2018 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்ததும் வெட்டு நின்றது. அதற்குள் வீழ்ந்த மரங்கள் வீழ்ந்தவைதாம்.

நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் காலத்தின் கணக்கு இன்னும் கூர்மையானது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 24(2) பிரிவு, இழப்பீட்டுத் தீர்வம் பிறப்பித்து ஐந்தாண்டுக்கு மேலாகியும் நிலம் அரசின் வசம் வராமலோ இழப்பீடு கொடுக்கப்படாமலோ இருந்தால் கையகப்படுத்தல் காலாவதியாகும் என்றது. கருவூலத்தில் பணம் கட்டிவைப்பது கொடுத்ததாகாது என்று 2014இல் புனே மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைப் பற்றிக்கொண்டு டெல்லி நில உரிமையாளர்கள் பலர் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நிலைப்பாட்டை மாற்றியது. வசமும் வராமல், இழப்பீடும் தராமல் இருந்தால்தான் காலாவதி. நீதிமன்றத் தடை நீடித்த நாள்களை ஐந்தாண்டிலிருந்து கழித்துவிட வேண்டும். 2024 மே மாதம், எஞ்சிய டெல்லி வழக்குகளில் சிலவற்றுக்கு, புதிதாக நிலம் எடுக்க அரசுக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு அவகாசமும் கிடைத்தது. ஆக, நிலத்துக்குப் போன காலத்தைக் கழிக்கவும் கூட்டவும் நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது.

குழந்தைக்கு அந்த வழி இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்பது, கோவையில் பிறந்து டெல்லியில் வாழும் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரி 17 அன்று நிலைநாட்டப்பட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து 2012இல் கோயம்புத்தூருக்குக் கூட்டிவரப்பட்ட இரு சிறுமிகளின் வழக்கில், தந்தையின் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவுக்கு முன்னுரிமை தந்து அதை மாற்றியது. டெல்லியிலிருந்து போன இன்னொரு வழக்கில் 2017 ஜூலை 3 அன்று அதே நீதிமன்றம், அந்நிய உத்தரவு கருதத்தக்க காரணிகளில் ஒன்று மட்டுமே என்று கூறி, குழந்தையை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்தது. இரண்டரை ஆண்டுக்குள் திசை மாறிய இந்த நெறிகளுக்கு நடுவே, பிள்ளைகள் ஒரு பள்ளியில் சேர்ந்து, ஒரு மொழியில் பேசப் பழகி, ஒரு வீட்டுக்குள் வேரூன்றிவிடுகிறார்கள். அந்த வேரே பிறகு சான்றாகவும் ஆகிறது. குழந்தையைத் தன் வசம் வைத்திருப்பவருக்குத் தாமதமே துணை என்றால், அது குழந்தையின் நலன் ஆகாது.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு வைக்கிறது; அதை இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு விசாரிக்க வேண்டும் என்கிறது. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. இடைக்கால உத்தரவுகளின் மேல் அதன்கீழ் முறையீடும் கிடையாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது குழந்தையைப் பார்க்கும் ஏற்பாட்டை எவ்வளவு இடைவெளியில் மறுபார்வை செய்வது, பிரிந்திருக்கும் பெற்றோரின் பேச்சுத் தொடர்பை யார் கண்காணிப்பது, விசாரணைக்கு உறுதியான தேதியை எந்த விதியால் கட்டுவது என்பவற்றைப் பின்வரும் கட்டுரைகள் தீர்ப்புகளின் துணையோடு ஆராய வேண்டும்.