தனியுரிமை வேறு, தனியுடைமை வேறு

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தனியுரிமை, தனியுடைமை என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒலியில் உள்ள இந்த நெருக்கம் கருத்திலும் ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. தனியுடைமையை ஒழிக்கப் பாடுபடும் இயக்கம் தனியுரிமைக்காக ஏன் வாதாட வேண்டும் என்று கிளைக் கூட்டங்களில் கேட்கப்படுவதுண்டு. அந்தக் கவலை கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் போகிறவர்களுக்கு உரியது, அன்றாடங்காய்ச்சியிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை முன்வைக்கும் தோழர்கள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். இதே வாதத்தைத்தான் 2017இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்தது. ஏழைகளுக்கு வேண்டியது உணவும் உறைவிடமும். தனியுரிமை மேட்டுக்குடியினரின் கற்பனை என்பதே அரசுத் தரப்பின் சாரம். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அதை நிராகரித்தது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கார்க் கண்ணாடியிலிருந்தே தொடங்கலாம். 2012 ஏப்ரலில், கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. குற்றங்களைத் தடுக்கும் பொதுநலனுக்கு முன் காரில் செல்பவரின் தனிமை பெரிதல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ‘இசட்’, ‘இசட் பிளஸ்’ பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது விளங்கும்.

சொகுசுக் காரின் மதிப்பு என்ன? ஒரு கோடி ரூபாய்க் காரும் பத்து இலட்ச ரூபாய்க் காரும் அதே நான்கைந்து பேரை, அதே குண்டும் குழியுமான சாலையில், அதே ஊருக்குத்தான் கொண்டு சேர்க்கின்றன. உயர்ந்த விலையுள்ள காரில் கூடுதல் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் விலை வேறுபாடு முழுவதையும் அது விளக்கிவிடாது. முகப்பில் பதித்த சின்னத்துக்கான ஏகபோக விலை அதில் கணிசமான பங்கு. ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் நுகர்வுப் பொருள்களை அத்தியாவசியப் பொருள்கள், ஆடம்பரப் பொருள்கள் என்று பிரித்துக் காட்டுகிறார். பின்னவை உபரி மதிப்பிலிருந்து வாங்கப்படுபவை. காரை ஓட்டுபவர் தாமே சம்பாதித்து வாங்கியதாகக் கருதிக்கொள்ளலாம். விலையின் ஊற்றுக்கண் அவருடைய ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர்களிடம் இருக்கிறது.

அந்த விலையிலும் அரசு கை கொடுக்கிறது. காரை நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் எழுதி, வரிக்குரிய வருமானத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இது சட்டமீறல் அல்ல. சட்டத்தின் ஏற்பாடே இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களின் மீதான ஜிஎஸ்டி, மேல்வரியோடு சேர்த்து 50 விழுக்காடு வரை இருந்தது, 40 ஆகக் குறைந்தது. மின்சாரக் கார் என்றால் விலை எவ்வளவானாலும் 5 விழுக்காடுதான். அன்று முதல் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 5 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய் மின்சாரக் காருக்கும் 5 விழுக்காடு. எண்ணெய்க்கு வரி குறைந்ததில் குறையில்லை. இரண்டும் ஒரே வரிசையில் நிற்பது எப்படி என்பதே கேள்வி.

இவ்வளவு கொடுத்து வாங்கியவருக்காவது தனிமை வாய்த்ததா என்றால், அதுவும் இல்லை. இன்றைய கார் சக்கரம் பூட்டிய கணினி. உள்ளே சிம் அட்டை இருக்கிறது. வெளியிலும் உள்ளிலும் கேமராக்கள், ஒலிவாங்கி, இருப்பிடம் காட்டும் கருவி. தொலைபேசியை இணைத்தால் தொடர்பு எண்களும் காருக்குள் வந்துவிடும். மொசில்லா அறக்கட்டளை 2023இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. 2024 டிசம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவு சுமார் 8 இலட்சம் மின்சாரக் கார்களின் தரவுகளை மாதக்கணக்கில் காப்பின்றி விட்டிருந்ததை ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ வெளியிட்டது. ஆடி கார்களும் அவற்றில் அடக்கம். பாதிக்கும் மேற்பட்ட கார்கள் எந்த இடத்தில் நின்றன என்பதைத் துல்லியமாக அறிய முடிந்தது. ஹாம்பர்க் காவல்துறையின் ரோந்து வாகனங்களுக்கும் அதே கதிதான். டெஸ்லா கார்களின் கேமராக்களில் பதிவான படங்களை அந்நிறுவன ஊழியர்கள் தமக்குள் பகிர்ந்து சிரித்ததை 2023இல் ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ், ஓட்டுநர் எப்போது திடீரென பிரேக் போட்டார், எவ்வளவு வேகம் போனார் என்ற விவரங்களைத் தரவுத் தரகர்களுக்கு விற்றது. அவை காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைந்தன. சொந்தக் கார் தன்னைக் காட்டிக்கொடுத்ததை அறியாமலே சிலர் கூடுதல் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடைமையும் உடைமையாக இல்லை. சில நாடுகளில் பிஎம்டபிள்யூ, காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூடேற்றியைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வந்த பின் கைவிட்டது. முதலாளித்துவம் தன் வாடிக்கையாளரையே குத்தகைதாரராக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

இதற்காகச் சொகுசுக் கார் முதலாளிகளுக்காகக் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு. அவர்கள் குறையை எழுத ஏடுகளும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் ஏட்டில் வந்த ஓராண்டுக்குள், 2025 ஜனவரியில், அத்தகைய தரவுகளைத் தரகர்களுக்குக் கொடுக்க 5 ஆண்டுத் தடையை அங்குள்ள ஃபெடரல் வர்த்தக ஆணையம் அறிவித்தது. கார் வைத்திருப்பவனின் குரல் அவ்வளவு விரைவாகக் கேட்கிறது.

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகரங்களின் துப்புரவுத் தொழிலாளர்களின் குரல் எத்தனை பேருக்குக் கேட்டது? அவர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. தொழிலாளி எங்கே நிற்கிறார், எவ்வளவு தூரம் நடந்தார் என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில் புள்ளியாகத் தெரியும். கடிகாரம் அணைந்து கிடந்தால் ஊதியம் பிடிக்கப்படும். கேமராவும் ஒலிவாங்கியும் உள்ள கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போகவே பெண் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, தங்கள் மின்சாரத்தில் அதற்குச் சார்ஜ் ஏற்றியதும் அவர்களேதான். கையுறையும் காலணியும் ஒழுங்காகக் கொடுக்காத நிர்வாகங்களுக்குக் கடிகாரம் வாங்கப் பணம் இருந்தது.

கிராமப்புறத்தில் நடந்தது இன்னும் விரிவானது. வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு முழுவதும் கைப்பேசிச் செயலி வழியே என்று ஆக்கப்பட்டது. வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களை நிறுத்திப் படமெடுத்து ஏற்ற வேண்டும். அதுவரை, ஒதுக்கப்பட்ட அளவு மண்ணை வெட்டி முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். செயலி வந்த பின், வேலை முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். அலைவரிசை கிடைக்காத ஊரில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. முதலாளியின் கண்காணி தொழிற்சாலைக்குள் செய்த வேலையைச் செயலி ஏரிக்கரையில் செய்கிறது. 2024 ஜனவரி 1 முதல் கூலி வழங்கலும் ஆதார் அடிப்படையிலானதாகக் கட்டாயமாக்கப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உழைத்தவரே இல்லையென்றாகிவிடும்.

ஊழலைத் தடுக்கவே இதெல்லாம் என்றார்கள். ஊழல் தடுக்கப்பட்டதா? பொருத்தமற்ற படங்களும், படத்தைப் பார்த்து எடுத்த படங்களும் செயலியில் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. போலிப் பட்டியல் எழுதியவன் போலிப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டான்; வெயிலில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். 2025 டிசம்பரில் வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. உயிரியளவு அடையாளச் சரிபார்ப்பு சட்ட வாசகத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

அங்கன்வாடியிலும் இதுதான் நிலை. 2025 ஜூலை 1 முதல், கர்ப்பிணிப் பெண்ணும் பாலூட்டும் தாயும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற முகத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். முகம் பொருந்தவில்லை என்றால், அவரை ஆண்டுக்கணக்கில் அறிந்த ஊழியர் எதிரே நின்றாலும் அவர் பேச்சு செல்லாது. 2021இல் ஹரியானாவின் ஆஷா ஊழியர்கள் தங்கள் தொலைபேசியில் ஏற்றச் சொன்ன கண்காணிப்புச் செயலிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். தனியுரிமை மேட்டுக்குடிச் சரக்கு என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்திருக்கவில்லை போலும்.

சட்ட வரலாற்றைப் புரட்டினாலும் இந்த உரிமையின் வேர் ஏழையின் வாசலில்தான் இருக்கிறது. 2017இல் அரசு இரண்டு பழைய தீர்ப்புகளைத் துணைக்கழைத்தது. ஒன்று 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு: டால்மியா குழும நிறுவனம் ஒன்றின் ஆவணங்களைச் சோதனையிட்டது பற்றிய வழக்கு, அதாவது உடைமை வழக்கு. மற்றொன்று 1962 டிசம்பரில் வந்த கரக் சிங் தீர்ப்பு. உத்தரப்பிரதேசத்துக் கிராமவாசியான அவரைக் கொள்ளை வழக்கொன்றில் பிடித்துச் சான்றில்லாமல் விடுவித்தார்கள். அதன் பின்னும் காவல்துறை அவர் பெயரில் குற்றப்பதிவேடு திறந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டி அவர் இருக்கிறாரா என்று பார்த்தது. அவர் ஊரைவிட்டுப் போனால் பின்தொடர்ந்தது. இரவில் கதவு தட்டுவதை நீதிமன்றம் செல்லாதென்றது. பின்தொடர்வதைத் தடுக்கவில்லை, தனியுரிமை என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷாவின் உடன்பாட்டோடு, மாறுபட்டு எழுதினார். அந்த மாற்றுக் கருத்து சட்டமாவதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன. காரும் பங்களாவும் இல்லாத ஒருவர், தம் வீட்டுக் கதவை இரவில் போலீஸ் தட்டக்கூடாது என்று கேட்டதிலிருந்து தொடங்கியது இந்த உரிமை.

இடதுசாரி இயக்கத்துக்கும் இது புதிய பாடமன்று. 1924 கான்பூர் சதி வழக்கில் முதன்மைச் சான்று வழியில் பிரிக்கப்பட்ட கடிதங்கள். உடல்நலம் குன்றியிருந்த சிங்காரவேலரின் பெயரும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. 1929 மீரட் வழக்கிலும் அஞ்சலில் பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள் குவிந்தன. கடிதத்தை நீராவி காட்டிப் பிரித்தவர்கள் போய், பெகாசஸ் வந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 தொலைபேசிகளைச் சோதித்தது. 5இல் ஏதோவொரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு சொன்னது. வாங்கினோம் என்றோ வாங்கவில்லை என்றோ உச்ச நீதிமன்றத்தில் அரசு வாய் திறந்து சொல்லவில்லை.

இதே அரசு தனியுரிமைக்காக உருகிய இடமும் உண்டு. தேர்தல் பத்திர வழக்கில், நன்கொடை கொடுப்பவரின் தனியுரிமையைக் காக்க வேண்டும் என்று வாதிட்டது. கம்பெனிகள் எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தன என்பது மக்களுக்குத் தெரியக்கூடாதாம். கர்ப்பிணியின் முகம் மட்டும் அரசின் கணினிக்குத் தெரிய வேண்டுமாம். 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டம் செல்லாதென்று தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. இடதுசாரிக் கட்சிகள் அப்பத்திரங்களில் ஒரு ரூபாயும் பெறவில்லை.

தனியுரிமையும் தனியுடைமையும் பிரியும் இடம் இதுதான். பொதுப்பணத்தையும் பொது அதிகாரத்தையும் தொடுகிற எதற்கும் மறைவு கூடாது. ஒரு மனிதரின் உடல், வீடு, பேச்சு, நட்பு, சங்கம் ஆகியவற்றுக்கு மறைவு வேண்டும். அகப்பாடலில் காதலரின் பெயரைச் சுட்டக்கூடாது என்று வரம்பு கட்டிய தமிழ் மரபு, புறப்பாடலில் மன்னனைப் பெயர் சொல்லியே இடித்துரைக்க இடம் கொடுத்தது. இன்றைய ஆட்சி இதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தால் போதும். 17ஆம் பிரிவு, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்று முத்திரை குத்தி எதையும் மறுக்க அதிகாரிக்கு வழி செய்கிறது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் நீக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்ததாரர் பெயரும் அதிகாரியின் சொத்துக் கணக்கும் இனி இந்த முத்திரைக்குப் பின்னால் போகலாம்.

2025 நவம்பரில் இச்சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. மக்களின் தரவை வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைவேற்ற வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவல் உரிமையை வெட்டும் பிரிவோ உடனடியாக நடைமுறைக்கு வந்தது.

எனவே கிளைகளின் முன் உள்ள வேலை சிலவற்றைச் சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்கிறது அது. ‘தனிநபர் தகவல்’ என்று மறுக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் அந்தப் பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கன்வாடி, ஆஷா, துப்புரவுப் பணியாளர் சங்கங்கள், தங்கள் மீது ஏற்றப்பட்ட செயலியும் கருவியும் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தன, திரட்டிய தரவு யாரிடம் இருக்கிறது, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். முகம் பொருந்தாததாலும் அலைவரிசை இல்லாததாலும் உணவோ கூலியோ மறுக்கப்பட்டவர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் திரட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் யார் பெயர் இடம்பெறலாம் என்பதை முதலில் அந்தந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், தோழர்களே.