பழைய கணக்கு தீரும் நாள்

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நம்மிடம் பாரம் நிரப்பித் தரச் சொல்லிப் பலர் வருவதுண்டு. சிங்கப்பூரில் குடியேறிவிட்ட உறவினர்களும் விடுமுறைக்கு வரும்போது வேலைப் பாரங்களை நீட்டுவார்கள். 'முன்பு குற்றவாளியெனத் தீர்ப்பு பெற்றதுண்டா?' என்ற கேள்வி வந்ததும் சிலருக்கு முகம் வாடிவிடும். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், மறைத்தால் பொய்யாகும்.

அந்நாட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. 2005ஆம் ஆண்டு முதல், சிறிய குற்றத்தின் பதிவு சில நிபந்தனைகளின்படி தானாகவே காலாவதியாகிறது. தண்டனை 3 மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாமல் இருக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டுகள் எக்குற்றமும் செய்யாதிருக்க வேண்டும்.

ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலைக் கடையொன்றில் ஒரு பொருளைத் திருடிவிட்டான். 2019 மார்ச்சில் 1,500 வெள்ளி அபராதம். அதுவே முதல் குற்றம். ஒழுங்காக இருந்திருந்தால் 2024 மார்ச்சில் பதிவு காலாவதியாகியிருக்கும். அந்தக் கேள்விக்கு அவன் 'இல்லை' என்று எழுதலாம்; சட்டமே அதற்கு இடங்கொடுக்கிறது. சிறை சென்றவனாயின், விடுதலையான நாளிலிருந்து கணக்கு. நான்காம் ஆண்டில் மறுபடி கைதாகித் தண்டனை பெற்றானோ, அத்தனை காலமும் வீண்!

கொலை, கொள்ளை, கற்பழிப்பு போன்ற கொடுங்குற்றங்களுக்கு இச்சலுகை கிடையாது. காலாவதியான பதிவும் அழிக்கப்படுவதில்லை, காவல்துறையிடம் இருக்கும். பிற நாடுகள் விசா கேட்கும்போது தத்தம் சட்டப்படியே நடக்கும். நம் நாட்டுச் சட்டமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த 5 ஆண்டுகளை யார் கடத்துவது? அவனோடு வீட்டாரும் சேர்ந்துதான். வெளியே வந்தவனைக் கல்யாண வீட்டில் ஒதுக்கி உட்கார வைத்தால், அவன் பழைய கூட்டாளிகளைத் தேடிப் போவது என்ன அதிசயம்? சிறை மீண்டோரை ஏற்றுக்கொள்ளும்படி 2004இல் அங்கே மஞ்சள் ரிப்பன் இயக்கம் தொடங்கப்பட்டதும் இதனால்தான்.

அப்படி யாரேனும் உங்கள் உறவில் இருந்தால், தீர்ப்புத் தாளையும் விடுதலை நாளைக் காட்டும் தாளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பதிவு காலாவதியாகிவிட்டதா என்று சிங்கப்பூர்க் காவல்துறையிடமே கேட்டு அறியலாம். அதை உறுதி செய்துகொண்ட பிறகு பாரத்தில் பேனாவை வைக்கட்டும்.