இளஞ்சிறாரும் ஊர்திக் களவும்

(படூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றியது. பழைய மகாபலிபுரம் சாலை இப்படூரின் வழியே செல்கின்றது. கிழக்கே கடலோரமாகப் பிறிதொரு பெருஞ்சாலை உளது. இவ்விரண்டிலும் நள்ளிரவில் சீறிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் ஓசையைக் கேளாதார் நம்மில் இலர். அவ்வோசைக்குப் பின்னே ஒரு கைபேசியும் உண்டென்பதை நாம் நினைத்தல் வேண்டும்.

களவிற்கு வறுமையும் பேராசையுமே காரணம் என்பர் பெரியோர். இக்காலத்துச் சிறார் சிலரது ஊர்திக் களவோ இவ்விரண்டனுள்ளும் அடங்குவதன்று. வண்டியை எடுப்பர், விரைந்து செலுத்துவர், அதனைப் படம் பிடித்து உலகிற்குக் காட்டுவர், பின்னர்ச் சாலையோரத்தில் விட்டு நீங்குவர். பொருள் வேண்டித் திருடுவோன் தன் செயலை மறைப்பான். இவரோ தாமே பறையறைகின்றனர். ஆதலின் இவர் விரும்பியது வண்டியன்று, பெயரே என்பது தெளிவு.

இதற்குச் சான்று அமெரிக்க நாட்டில் உளது. கியா, ஹியூண்டாய் நிறுவனங்கள் அங்கு விற்ற கார்கள் பலவற்றில், உரிய சாவியின்றி எஞ்சின் இயங்காதவாறு தடுக்கும் மின்னணுப் பூட்டு இல்லை. மில்வாக்கி நகரத்துச் சிறார் சிலர் இக்குறையைக் கண்டுகொண்டனர். 2021இல் அந்நகரில் களவுபோன வண்டிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்விரு நிறுவனத்தனவே. 2022இல் டிக்டாக் வாயிலாக அது ஒரு 'சவால்' எனப் பெயர்பெற்று நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பஃபலோ நகரில், களவாடிய கார் விபத்துற்று இளம்பருவத்தினர் நால்வர் மாண்டனர். 2023 பிப்ரவரியில் இதன் தொடர்பாக 14 விபத்துகளும் 8 மரணங்களும் நேர்ந்தமை அறிவிக்கப்பட்டதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கூறிற்று. இரு நிறுவனங்களும் 83 லட்சம் வண்டிகளுக்குப் புதிய மென்பொருள் வழங்க முன்வந்தன.

பூட்டில்லாமை பெருங்குறையே. ஆயினும் அவ்வண்டிகள் பல்லாண்டுகளாகத் தெருவில் நின்றிருந்தன. சிறாரைத் திரள்திரளாக அவற்றின்பால் உந்தியது அக்காட்சியே அன்றோ?

அயல்நாட்டுச் செய்தி என்று நாம் வாளா இருத்தல் தகாது. 2023 செப்டம்பர் 17ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டிசத்திரத்தருகே, யூடியூபில் பெயர்பெற்ற இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்டி வீழ்ந்தார். அவரது ஜாமீன் மனுவின்மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதித்த அரசுத் தரப்பினர், அவரைப் பின்தொடர்வோர் 45 லட்சம் பேர் என்றும், அவரைக் கண்டு சிறுவர் 2 லட்ச ரூபாய் வண்டி கேட்டுப் பெற்றோரை வருத்துகின்றனர் என்றும், சிலர் கொள்ளையிலும் இறங்குகின்றனர் என்றும் உரைத்தனர். ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

அன்பர்களே! களவுப்பொருள் என அறிந்தே வாங்குவோனும் சட்டத்தின்முன் குற்றவாளி. இக்களவில் விற்பனையாவது காட்சி. அதனை வாங்குவோர் யாவர்? விரல்நுனியால் விருப்பம் தெரிவிக்கும் நாமே. திண்ணையில் அமர்ந்து, "பையன் எப்படிப் பறக்கிறான் பார்!" என வியந்து பிறர்க்கு அனுப்பும் பெரியோரே, அப்பையனுக்கு முதல் கொடுத்தவராகின்றனர்.

புகழ் விரும்புதல் குற்றமன்று. திருவள்ளுவர் புகழுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின் அதனை எங்கு வைத்தார்? ஈகைக்கு அடுத்து வைத்தார். கொடுப்பதனால் வருவது புகழ். பிறர் பொருளை எடுப்பதனால் வருவது இழிவு. இதனைப் பிள்ளைகட்கு உணர்த்துதல் நம் கடன்.

இனிச் செய்யத்தக்கன சில. 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவி கொடாதீர். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அவன் வண்டியோட்டிக் குற்றம் இழைப்பின் பெற்றோர்க்கு அல்லது உடையவர்க்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கோ 25 வயதுவரை உரிமம் கிடையாது. எஞ்சினில் வேட்கையுள்ள கைகட்கு வேலை கொடுங்கள்; அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் தொழில் கற்பிக்கப்படுகின்றது. நம் சங்கத்து ஆண்டுவிழாவில், மதிப்பெண் பெற்றோர்க்கேயன்றிக் கைத்தொழிலில் சிறந்த சிறார்க்கும் பரிசளித்தல் வேண்டும். ஊரார் கைதட்டும் மேடை கிட்டினால், திருட்டு மேடையை அவன் நாடுவானேன்?

இறுதியாக ஒன்று. பிழைசெய்த பிள்ளையைக் குலத்திற்கு இழுக்கென்று நாம் ஒதுக்குகின்றோம். அவன் தமக்கைக்கு மணம் பேசவும் அஞ்சுகின்றோம். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமோ, குற்றத்தால் வரும் தகுதியிழப்பு பொதுவாகச் சிறுவனைத் தொடரலாகாது என்கின்றது. 2022 டிசம்பரில், செங்கற்பட்டு அரசினர் சிறப்பு இல்லத்தில், திருட்டுக் குற்றம் சாட்டி அடைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவ்வில்லத்துப் பணியாளரே அடித்துக் கொன்றதாகக் கைதாயினர். நாம் கைவிட்ட பிள்ளை எவர் கையில் அகப்படுவான் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. திருத்தும் கை பெற்றோர் கையாகவும் உற்றார் கையாகவும் இருத்தல் நன்று.

சாவியைக் காப்போம், பிள்ளையையும் காப்போம்.