வாடகைக் குடித்தனமும் நம் பங்கும்

(யூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற குடும்பங்கள் கூட்டத்தில், பொதுநிலையினர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் கோயில் கட்டிய கதையைப் பேசுவோம். கோபுரத்தின் உயரத்தைப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் இந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் மிகப் பலர் வாடகைக் குடித்தனக்காரர்கள். இன்று நம் தெருவில் இருப்பார்கள்; அடுத்த ஜூனில் எங்கே இருப்பார்களோ, அவர்களுக்கே தெரியாது. வீடு மாறினால் பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறும், வேலைக்குப் போகும் பஸ் மாறும், அவசரத்துக்கு அரைப்படி அரிசி கொடுக்கும் அண்டை வீடும் மாறும். ஆகையால் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரு குடும்பம் இருக்கும் வீட்டிலேயே நிலைத்திருக்க என்னென்ன உதவி உண்டு என்பதைச் சொல்லவே வந்தேன்.

தையல் மெஷினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயை எண்ணிக்கொள்ளுங்கள். கணவன் இல்லை. காய்ச்சலில் படுத்ததால் இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சத்தம் போட்டார், கடைசியில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். அந்த அம்மாள் என்ன செய்வார்? அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இரவோடு இரவாகச் சாமானைக் கட்டுவார். மானம் போய்விடும் என்ற பயம்! சட்டம் அவருக்குத் துணையாக இருக்கிறது என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

நம்மில் மூத்தவர்கள் இன்னும் "ரெண்ட் கண்ட்ரோல்" என்றே பேசுகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் பெற வேண்டும். "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார், நாமும் மரியாதைக்குத் தலையாட்டுவோம். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே ஒரு காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்பதற்கு அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எழுத்து இல்லாவிட்டால் இழப்பு பெரும்பாலும் குடியிருப்பவருக்குத்தான்.

எழுத்து இல்லை என்பதற்காக யாரும் சாமானைத் தெருவில் தூக்கிப்போட முடியாது. வெளியேற்ற உத்தரவு இட வேண்டியது வாடகை நீதிமன்றம். வீட்டுக்காரரோ அவர் அனுப்பும் ஆட்களோ அல்லர். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது குற்றம்; அதற்கு வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இரண்டு மாதப் பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் பயந்து ஓட வேண்டாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால், அந்தக் காரணம் சொல்லி வெளியேற்றுவதற்கு இடமில்லை. அந்த ஒரு மாதம்தான், நண்பர்களே, பங்கு செய்யக்கூடிய உதவியின் காலம். அது கடந்தபிறகு பத்து மடங்கு பணம் கொண்டு வந்தாலும் பயன் குறைவு.

அட்வான்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. பத்து மாத அட்வான்ஸ் நம் ஊரில் இன்னும் ஓயாததன் இரகசியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள். காலி செய்தபின், நியாயமான பிடித்தம் போக, மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் இரசீது கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அந்தத் தையற்காரத் தாய்க்குப் பெண் என்ற ஒன்றே போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இனி பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எழுதிக் கொடுக்கும்போதே "என்னைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால், கோபம் இப்போதே தெரிந்தது நல்லதுதான்!

கணவன் வீட்டைவிட்டு விரட்டும் பெண்ணுக்கு, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையைத் தருகிறது. 181 அதற்கான எண்.

வாரிய வீடு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழைக்கப்படுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கொடுத்தது உண்மை. கூவம் கரையிலிருந்து அங்கே போன குடும்பங்களில் வேலையும் படிப்பும் எட்டாத தூரமாகிப்போனதும் உண்மை. ஒதுக்கீடு கேட்பவர்கள் வாரிய அலுவலகத்தில் நேரே மனு கொடுங்கள். புரோக்கரிடம் கைமாற்றாக வாங்கினால் பணமும் போகும், வீடும் நம் பெயருக்கு வராது.

இப்போது நம் பங்கின் பொறுப்புக்கு வருகிறேன். 1833-இல் பாரீஸில் பிரெடரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் முறையே ஏழையின் வீட்டுக்கு நேரில் போவதுதான். நம் சபை அரிசியும் மருந்தும் தருகிறது. அத்தோடு வாடகைக் கைமாற்று நிதி ஒன்றும் வேண்டும் என்று கேட்கிறேன். நோட்டீஸ் வந்த குடும்பத்துக்கு இரண்டு மாத வாடகைவரை; கூடுமானால் வீட்டுக்காரரிடமே கொடுத்து இரசீது வாங்க வேண்டும்; வட்டி இல்லை; திருப்பித் தரும் தவணையைக் குடும்பமே சொல்லட்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று அறிவிப்புப் பலகையில் போடக்கூடாது. போட்டால் அந்தத் தாய் வரவே மாட்டார்.

இங்கே வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாடகை வருமானத்தில் மருந்து வாங்கும் முதியவர்கள் உங்களில் உண்டு என்பதை அறிவேன். மாதக்கணக்கில் பாக்கி நின்றால் உங்களுக்கும் கஷ்டமே. நோட்டீஸ் அனுப்புமுன் அன்பியப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் இருப்பேன். ஒப்பந்தம், இரசீது, கரண்ட் பில், வந்த நோட்டீஸ் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். எழுதுவதற்குத் தாள் நான் கொண்டு வருகிறேன்.