மெய்க்கருத்தும் மேடைக் கருத்தும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், நாவலூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கம் ஒன்று முடிகிறது. கவிதை படித்தவர் மேடையை விட்டு இறங்குகிறார். கைதட்டல் ஓய்ந்ததும் நான்கைந்து பேர் அருகில் வந்து, ‘அருமை’ என்கின்றனர். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். தேநீர் வருகிறது. பிறகு எல்லோரும் அவரவர் வழியே பிரிகின்றனர். பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் அந்தக் கவிஞரின் மனத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. கேட்டவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள்?

ஓர் இலக்கிய வட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு விடை கிடைக்கும் இடமாக வட்டம் அமைந்தால் கவிஞர் வளர்வார். விடை கிடைக்காத இடமாக அமைந்தால், பத்து ஆண்டுகள் அல்ல, ஐம்பது ஆண்டுகள் கூடினாலும் கைதட்டல்தான் மிஞ்சும்.

பிறர் நெஞ்சை அறிய வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டிருக்கிறார். பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம் ஒன்று. காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம் மற்றொன்று. அரசவையில் நிற்பவனுக்கும் காதலில் நிற்பவனுக்கும் வேண்டிய அறிவு ஒன்றே என்று அவர் கருதினார் போலும். இருவருமே எதிரில் இருப்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நடக்க இயலாதவர்கள். பொருட்பாலில் அந்த அதிகாரத்தை அடுத்து வருபவை எவை என்று நோக்கினால் மற்றொன்றும் புலனாகும். 72-ஆம் அதிகாரம் அவையறிதல். 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. முதலில் குறிப்பை அறிக. அடுத்து அவையை அறிக. அதன்பின் அவைக்கு அஞ்சாது நிற்க. மேடையேறும் கவிஞர் எவருக்கும் இந்த வைப்புமுறையே ஒரு பாடமாகும்.

ஆயினும் குறிப்பறிதலுக்கும் ஓர் எல்லை உண்டு. முகம் ஒன்றைக் காட்டும். அதற்குரிய காரணத்தைக் காட்டாது. அவையின் மூன்றாம் வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுகிறார். கவிதை சலிப்பூட்டியதாலா? நாவலூரிலும் சிறுசேரியிலும் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் இரவெல்லாம் வேலை பார்ப்பவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் உறக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கவிதை கேட்க வந்திருக்கலாம். அந்தக் கொட்டாவி, உண்மையில், கவிதைக்குக் கிடைத்த மரியாதை. அதை இகழ்ச்சி என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பும் கவிஞர் தம்மையும் வருத்திக்கொண்டு, தம் வாசகரையும் இழக்கிறார்.

மனிதக் கண்ணால் இயலாததை இயந்திரம் செய்யும் என்று நம்பியவர்களும் உண்டு. முகத்தின் தசை அசைவுகளைக் கணினி கொண்டு அளந்து, இவர் மகிழ்கிறார், இவர் சினக்கிறார் என்று சொல்லும் மென்பொருள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் 2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரெட்டும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, முகத்தோற்றத்தை மட்டும் கொண்டு உள்ளத்துணர்வை நம்பிக்கையாக அறிய முடியாது என்னும் முடிவுக்கு வந்தனர். சினந்தவர் எல்லோரும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் எல்லோரும் சினந்தவர் அல்லர். பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் மனிதரின் உணர்வை ஊகிக்க இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்களித்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது.

முகத்தை விட்டு மூளைக்கே சென்று பார்க்க முயன்றவர்களும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மருந்து செலுத்தி, மயக்க நிலையில் பேச வைக்கும் சோதனையும், பொய்யறியும் கருவிச் சோதனையும், மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனையும் இந்நாட்டில் நடைபெற்றன. செல்வி என்பவரும் பிறரும் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2010 மே 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒருவரின் இசைவின்றி இச்சோதனைகளுள் எதனையும் அவர்மீது நடத்தக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசமைப்பின் 20(3)-ஆம் பிரிவை நீதிமன்றம் அதற்கு ஆதாரமாகக் காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவரின் நெஞ்சுக்கே இத்தகைய காவல் உண்டு எனின், கவிதை கேட்க வந்த அன்பரின் நெஞ்சைத் துருவும் உரிமை எவருக்கு உண்டு?

ஆகவே, பிறர் மனக்கருத்து பறித்துக்கொள்ளும் பொருளன்று. அவராக விரும்பித் தரும்போது பெற்றுக்கொள்வது. அப்படியானால் கேள்வி மாறிவிடுகிறது. பிறர் என்ன நினைக்கிறார் என்று எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை விட்டுவிட்டு, அவர் நினைப்பதை எவரிடம் சொல்ல விரும்புவார் என்று கேட்க வேண்டியதாகிறது.

இதற்கு விடை சொல்லும் நிகழ்ச்சி ஒன்று தமிழிலக்கிய வரலாற்றில் இருக்கிறது. அது நிகழ்ந்த இடம் கும்பகோணம். நாள் 1880 அக்டோபர் 21. உ. வே. சாமிநாதையர் அப்போது 25 வயது இளைஞர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பயின்றீர் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னாலே கேட்பவர் முகம் மலர்வது ஐயருக்குப் பழக்கமாகியிருந்தது. முதலியாரின் முகம் மலரவில்லை. என்னென்ன நூல்கள் படித்தீர் என்ற வினா எழுந்தது. அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. அவற்றைப் படித்ததனால் விளைந்த பயன் என்ன என்று கேட்டார். பின்பு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார்.

ஒரு நொடி அந்த இளைஞரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கல்வி முழுவதும் ஒரே வினாவில் சிறுத்துவிட்டது. சொன்னவர் தமிழ்ப் புலவரும் அல்லர், நீதிமன்ற அலுவலர். சினந்து எழுந்து வந்திருக்கலாம். ‘இவருக்குத் தமிழின் அருமை என்ன தெரியும்’ என்று நண்பர்களிடம் சொல்லி ஆறுதல் அடைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்நூல்களைத் தாம் படித்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஏடு கிடைக்கவில்லை என்றும், கிடைத்தால் படிக்கத் தம்மால் இயலும் என்றும் சொன்னார். முதலியாரின் உள்ளம் திறந்தது அதன்பின்தான். மீண்டும் மீண்டும் வருமாறு வேண்டினார்; தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியையும் கொடுத்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சீவக சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. அந்த வரிசையின் தொடக்கத்தில், புகழ மறுத்த ஒரு முகம் இருக்கிறது.

இந்நிகழ்ச்சியில் கவிஞர்கள் கருத வேண்டியவை மூன்று.

முதலாவது, முகக்குறிப்பை மட்டும் நம்பியிருந்தால் ஐயர் முற்றிலும் தவறாக அறிந்திருப்பார். அந்தப் பாராமுகத்துக்கு இறுமாப்பு என்றே பொருள் கொண்டிருப்பார். அதன் பின்னால் இருந்ததோ, பழந்தமிழின்மீது கொண்ட பெரும்பசி. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை இருந்ததனால்தான் அது வெளிப்பட்டது.

இரண்டாவது, உண்மை உண்மையை அழைத்து வந்தது. ‘படித்ததில்லை’ என்று ஒருவர் தம் குறையைத் திறந்து காட்டியபோது, மற்றவரும் தம் உள்ளத்தைத் திறந்தார். இதே பண்பைப் பின்னாளிலும் காணலாம். சிந்தாமணி சமணக் காப்பியம். ஐயர் சைவச் சூழலில் வளர்ந்தவர். பொருள் விளங்காத இடங்களைத் தம் ஊகத்தால் நிரப்பிவிடாமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, மாணவராக இருந்து கேட்டார். அவர்களும் தயங்காமல் சொன்னார்கள். பிற சமயத்தார் தம் நூலைப் பற்றி மெய்யாக என்ன கருதுகின்றனர் என்பதை அறிய இதனினும் நேர்மையான வழி இருக்க முடியாது.

மூன்றாவது, கடுஞ்சொல் சொன்னவர் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. குறையைச் சுட்டிய அதே கையால் நூலைக் கொடுத்தார். திறனாய்வு செய்வோர் இதை நெஞ்சில் இருத்த வேண்டும். ஒரு கவிதை சரியில்லை என்று சொல்வது எளிது. இதைப் படித்துப் பாருங்கள் என்று ஒரு நூலை எடுத்துக் கொடுக்கும்போதுதான் அச்சொல் உதவியாக மாறுகிறது. இரண்டாவதைச் செய்ய இயலாதவருக்கு முதலாவதைச் செய்யும் உரிமை குறைவு.

தமக்கு நேர்ந்த இச்சிறுமையை ஐயர் மறைக்கவில்லை. 1940-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘என் சரித்திர’த்தை எழுதத் தொடங்கியபோது அவர் நாடு போற்றும் மகாமகோபாத்தியாயர், எண்பது வயதைக் கடந்தவர். தம் பெருமைக்கு இழுக்கு என்று கருதியிருந்தால் அந்த உரையாடலை விட்டிருக்கலாம். எல்லோரும் அறியுமாறு எழுதி வைத்தார். போர்க்காலத்தில் சென்னையை விட்டு நீங்கிய அவர், 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். நாவலூரிலிருந்து தெற்கே திருப்போரூரைக் கடந்து சென்றால் வரும் ஊர் அது. இந்தப் பகுதியில் கூடும் கவிஞர்களுக்கு அவர் அந்த வகையிலும் அண்மையர்.

குறை கேட்டபின் நூலை ஏற்பது என்பது தமிழ் மரபில் ஒரு விதியாகவே இருந்தது. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானின் முன் அரங்கேறியது என்கிறது அதன் சிறப்புப்பாயிரம். அரங்கேற்றம் என்பது பாராட்டு விழா அன்று. வினாக்களுக்கு விடையிறுக்கும் இடம். பிற்காலத்தில் மாலையும் பொன்னாடையும் நிலைத்தன; வினாக்கள் மறைந்தன.

அவற்றை மீட்க வழியில்லாமல் இல்லை. இப்போது தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-க்கு முன் நகருக்குள் இருந்தது. அங்கே தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், ‘தனிப்பாசுரத் தொகை’யைப் பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரால் வெளியிட்டார். 1903-இல், 33 வயதில், மறைந்த அவரை நாடு இன்று அப்பெயராலேயே அறிகிறது. அப்பெயர் தமிழ்ப்பற்றின் அடையாளமாகப் போற்றப்படுவது தக்கதே. ஆயினும் புனைபெயருக்கு வேறொரு பயனும் உண்டு. எழுதியவர் யார் என்று தெரியாதபோது, படிப்பவர் நட்புக்காகப் புகழவும் வேண்டியதில்லை. பகைக்காக இகழவும் வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஓர் அமர்வையேனும் பெயர் சொல்லாக் கவிதைகளுக்கென வட்டம் ஒதுக்கலாம். கவிதைகளை ஒருவரே படிக்கட்டும். எழுதியவர் அவையோருள் ஒருவராக அமர்ந்து கேட்கட்டும். ‘எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அருமை’ என்றுதான் விடை வரும். ‘எந்த அடியில் உங்கள் மனம் விலகிப் போயிற்று?’ என்று கேட்டால், கேட்கப்பட்டவர் சற்றுச் சிந்தித்து உண்மை சொல்வார்.

முதன்முறை மேடையேறும் இளைஞருக்கு இம்முறை கடுமையாகாதா என்று சிலர் ஐயுறலாம். நியாயமான ஐயமே. நடுங்கும் கையுடன் தாளைப் பிடித்து நிற்பவருக்கு அன்று சொல்லப்படும் ‘நன்று’ என்னும் சொல் பொய்யன்று, அது தாங்குகோல். எப்போது தாங்குவது, எப்போது விடுவது என்று அறிவதே குறிப்பறிதல். பேச விரும்பாதவரின் மௌனத்தையும் அவ்வாறே மதித்தல் வேண்டும். ஆனால் பத்தாண்டு நடந்த காலுக்கும் தாங்குகோல் கொடுத்துக்கொண்டே இருப்பது அன்பாகாது.

விழா மலர்கள் வாழ்த்துரைகளால் நிறைவது இயல்பு. இந்த மலரும் அவ்வாறே நிறையட்டும். அடுத்த மாத அமர்வில் ஒரு கவிஞர் எழுந்து, தம் கவிதையில் குறை எங்கே என்று கேட்கட்டும். கேட்டவர்களுள் ஒருவர் அஞ்சாமல் அதைச் சொல்லட்டும். சொன்னவர் மறுமாதம் வரும்போது, அவருக்கென ஒரு நூலையும் கையில் எடுத்து வரட்டும்.