ஒரே மொழி, வேறு தெரு



'மொழி நிறுவனங்களும் பண்பாட்டுப் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நம்மூர் நிறுவனங்களைப் பற்றிப் பேச இங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் மத்தியதரைக் கடலில் இருக்கும் ஒரு தீவைப் பற்றிப் பேசுகிறேன். அந்தத் தீவின் கதையைப் படித்தபோது பல இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருந்தது.

ஸ்பெயினுக்குக் கிழக்கே பலேரிக் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது மயோர்க்கா, தலைநகர் பால்மா. மக்களின் மொழி காட்டலான், அதுவும் தீவுக்கே உரிய பேச்சு வழக்கோடு. இந்த மொழியையும் தீவுகளின் பண்பாட்டு மரபையும் வளர்ப்பதற்கென்று மாநில அரசு 'பலேரிக் ஆய்வு நிறுவனம்' என்ற பொது அமைப்பை நடத்துகிறது. அப்படி ஒன்று தேவையா என்று கேட்டால், தேவைதான். 1715இல் போர்பன் அரசு தீவின் பழைய ஆட்சியுரிமைகளைப் பறித்தது. அதன்பின் காட்டலான் நீதிமன்றத்திலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் படிப்படியாக வெளியேற்றப்பட்டது. பிராங்கோ காலத்தில் பள்ளியிலும் இடமில்லை. 1983இல் தன்னாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் அது மறுபடியும் ஆட்சிமொழி ஆனது. 2013இல் மாநில அரசே பள்ளிகளில் காட்டலானின் இடத்தைக் குறைக்கப் பார்த்தபோது, ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பால்மா தெருக்கள் பச்சைச் சட்டைகளால் நிறைந்தன. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருப்பேன்.

இதுவரை சொன்னது மொழியின் கதை. இந்தத் தீவில் இன்னொரு கதையும் இருக்கிறது.

மயோர்க்காவில் 'ஷுவெத்தா' என்று ஒரு பிரிவினர் உண்டு. அவர்களுடைய முன்னோர் யூதர்கள். தீவில் எஞ்சியிருந்த யூதர்கள் எல்லோரும் 1435இல் கிறித்தவத்துக்கு மாற்றப்பட்டார்கள். 256 ஆண்டுகள் கழித்து, 1691இல், அந்த வழியில் வந்த 37 பேரை மத விசாரணை மன்றத்தின் தீர்ப்புப்படி கொன்றார்கள். 34 பேரைக் கழுத்தை நெரித்துவிட்டு எரித்தார்கள். ரஃபேல் வல்ஸ், ரஃபேல் பெனெத் தரோஞ்ஜி, கத்தரீனா தரோஞ்ஜி ஆகிய மூவரை உயிரோடு எரித்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்கள் புனித தோமினிக் மடத்தில் தொங்கவிடப்பட்டன, வருகிறவர் போகிறவர் படிப்பதற்காக.

அத்தோடு மதப் பிரச்சினை முடிந்துவிட்டது. அதன்பின் அவர்கள் ஒழுங்காகக் கோயிலுக்குப் போன கத்தோலிக்கர்கள். உணவு, உடை, ஜெபம் எல்லாம் அண்டை வீட்டுக்காரரோடு ஒன்று. மொழியும் ஒன்று, சுத்தமான மயோர்க்கா காட்டலான். ஆனாலும் 15 குடும்பப் பெயர்கள் போதுமானதாக இருந்தன. அகிலோ, ஃபொர்த்தேசா, பொமார், வல்ஸ் என்று பெயர் சொன்னால் போதும், கைத்தொழில் சங்கங்களில் இடமில்லை, குருப்பட்டம் கிடைப்பது அரிது, வெளியில் திருமணம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டார்கள். மத்தியதரைக் காய்ச்சல் என்ற பரம்பரை நோய் அவர்களிடம் அதிகம் என்று மரபியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று நிறுவினார். அவர் மயோர்க்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு எடுத்துக்காட்டு கூடியிருக்கும்.

ஷுவெத்தா என்பது வசைச்சொல். நாகரிகமாகச் சொல்ல நினைப்பவர்கள் 'தெருக்காரர்கள்' என்பார்கள். பால்மாவில் வெள்ளி வேலைக்காரர்களின் தெருதான் அவர்கள் தெரு. 'அவன் தெருவைச் சேர்ந்தவன்' என்றால் எல்லோருக்கும் புரியும், எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. "தமிழ் உன் நாக்குல விளையாடுதுடா" என்று தட்டிக்கொடுத்த ஆசிரியர், அடுத்த மூச்சில் "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அவருக்குப் பெயர் சொல்லப்போவதில்லை. உங்களில் பலருக்கு அப்படி ஒருவர் இருப்பார்.

1773இல் இந்தத் தெருவிலிருந்து ஆறு பேர் மன்னரிடம் முறையிடப் போனார்கள். எதிர்த்தது யார் தெரியுமா? பால்மாவின் நகராட்சி, மறைமாவட்டக் குருக்கள் குழு, தீவின் பல்கலைக்கழகம். உள்ளூர்ப் பண்பாட்டின் காவலர்கள் என்று சொல்லத்தக்க எல்லோரும். கடைசியில் மத்ரீதில் இருந்த மூன்றாம் கார்லோஸ்தான் ஆணை போட்டார். 1782இல், எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம், இவர்களை இழிவாக அழைக்கக் கூடாது. 1785இல் படையில் சேரலாம். 1788இல் எந்தத் தொழிலும் செய்யலாம். இதே மன்னர்தான் 1768இல் பள்ளிகளில் காஸ்திலிய மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டவர்.

மொழியை மிதித்த கைதான் தெருவின் கதவைத் திறந்தது. மொழியைக் காத்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். இதைக் காட்டி 'அப்படியானால் மொழியுரிமையே வேண்டாம்' என்று சொல்ல மத்ரீதில் ஆள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மன்னருக்கு நீதியுணர்வு பொங்கியது என்று நான் நம்பவில்லை, உழைக்கும் கைகளும் வரியும் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் பிறந்த ஒருவர் மன்னரின் ஆணையை வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் அவரை மொழித் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆங்கிலம் படித்த நம் தாத்தாக்களையும் அப்படிச் சொன்னார்கள்.

ஆணை வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. 1876இல் ஜுசெப் தரோஞ்ஜி என்ற பாதிரியாருக்கு, அவர் பட்டம் பெற்ற குருவாக இருந்தும், பால்மாவில் ஒரு தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் அவர் குடும்பப் பெயர். அவர் காட்டலானில் கவிதை எழுதியவர். இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். 1825இல் பால்மாவில் பிறந்த மரியா அகிலோ. இங்கே மரியா ஆண் பெயர். அகிலோ என்ற பெயரை முன்பே சொன்னேன், அந்த 15இல் ஒன்று. நூலகராக வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்ச் சொற்களையும் நாட்டுப் பாடல்களையும் சேகரித்தார். காட்டலான் மறுமலர்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். 1897இல் இறந்தார், அவர் சேர்த்த சொற்கள் பின்னர் பல தொகுதிகளில் அகராதியாக வந்தன. தோமஸ் ஃபொர்த்தேசா காட்டலான் இலக்கணம் எழுதினார். அவரும் தெருக்காரர்.

அகராதியும் இலக்கணமும் எழுதித் தந்தவர்களை 'எங்கள் மொழியின் பெருமை' என்று கொண்டாடுவது எளிது. அவர்களுக்கு வெளியில் பெண் கொடுக்காததும் அதே மொழியில்தான் நடந்தது என்பதை அந்தப் பாராட்டோடு சேர்த்து எழுதுவதுதான் கடினம். ஒரு மொழி நிறுவனத்தின் தரத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன். நாட்டுப்புற நடனத்துக்கு நிதி கொடுப்பதும் சொற்பட்டியல் வெளியிடுவதும் வேண்டும்தான், எந்த நல்ல அதிகாரியும் அதைச் செய்துவிடுவார்.

தீவின் மாநிலத் தலைவர் ஃபிரான்சேஸ்க் அந்திச் 2011இல், அந்த 37 பேருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் கலந்துகொண்டு கொலைகளைக் கண்டித்தார். 320 ஆண்டுகள் கழித்து. அந்த வேலையை முதலில் தொடங்கியது அரசு அமைப்பு அல்ல, அந்த வழியில் வந்தவர்கள். அவர்களுடைய ஒரு சங்கத்தின் பெயர் 'தெருவின் நினைவு'.

கடைசியாக ஒன்று. 1966இல், பிராங்கோ உயிரோடிருக்கும்போதே, மீகேல் ஃபொர்த்தேசா என்ற பொறியாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். மத விசாரணை மன்றத்தின் பழைய ஆவணங்களை அதில் முன்வைத்தார். யூத மரபைக் கடைப்பிடித்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பப் பெயர்கள் 15 அல்ல, 200க்கும் மேல். மடத்தின் சுவரில் கடைசிவரை தொங்கிய பெயர்கள் மட்டும் தெருவாயின, மற்றவை ஊராயின. ஷுவெத்தாக்களைப் பார்த்து மூக்கைச் சுளித்த குடும்பங்கள் பலவற்றின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

பலேரிக் பண்பாட்டு மரபுக்கு ஒரு கண்காட்சி வைக்க என்னைக் கேட்டால், நுழைவாசலில் அந்த 200 பெயர்களையும் அகர வரிசையில் எழுதிவைப்பேன். வருகிறவர் அவரவர் பெயரைத் தேடட்டும்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.