ஆங்கிலக் கடிதங்களில் சுருக்கங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கடிதமோ எழுதும்போது சுருக்கங்களை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. 'யூ', 'ஆர்' என்று பிள்ளைகள் ஒற்றை எழுத்தில் எழுதுவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கைப்பேசி மொழி கைப்பேசியோடு இருக்கட்டும், விடுப்பு விண்ணப்பத்தில் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. எனக்குக் கவலை தருபவை, முறையானவை என்று நம்பி நாம் எழுதும் சுருக்கங்கள்.

'சி.சி.' என்பதை எடுத்துக்கொள்வோம். சாதிச் சான்றிதழும் சி.சி., நன்னடத்தைச் சான்றிதழும் சி.சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்திக்குக் கல்லூரியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. டி.சி., சி.சி. இரண்டையும் அசலாகக் கொண்டுவரவேண்டும் என்று அதில் ஒரு வரி. டி.சி.யோடு சேர்த்து நாங்கள் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்தான் அவளுக்குத் தெரிந்த சி.சி. அவர்கள் கேட்டதோ சாதிச் சான்றிதழ். கூலி வேலையை விட்டு உடன் சென்ற தகப்பனார் ஊர் திரும்பி, மறுநாளும் மகளோடு பேருந்து ஏறினார். நல்லவேளை, இடம் போகவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று. 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்று முழுதாக எழுதாததால் எழுதியவருக்கு மிச்சமானது பதினெட்டு ஆங்கில எழுத்துகள்.

முறையான ஆங்கிலத்தில் இதற்கு வழக்கம் உண்டு. முதல் முறை பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைக் கொடுக்கவேண்டும். அடுத்த முறையிலிருந்து சுருக்கம் போதும். கடிதத்தில் ஒரே ஒரு முறை வரும் பெயருக்குச் சுருக்கமே தேவையில்லை. போன மாதச் சுற்றறிக்கையில் விரித்துவிட்டோமே என்பது கணக்கில் சேராது. ஒவ்வொரு கடிதமும் புதிதாகத் தொடங்குகிறது. பி.பி.சி., யுனெஸ்கோ போல எல்லாரும் அறிந்தவற்றுக்கு விலக்கு உண்டு. எஸ்.எம்.சி.யும் பி.இ.ஓ.வும் நமக்குத்தான் அப்படி. பெற்றோருக்கு எழுதும்போது விரித்தே எழுதுங்கள்.

மருத்துவத் துறையில் இதை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியலே வெளியிட்டது. யூனிட் என்பதற்குப் பதிலாக 'யூ' என்ற எழுத்தைப் போடுவது அதில் ஒன்று. கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்தால் 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும்.

அடுத்து 'இ.ஜி.', 'ஐ.இ.' இரண்டும் இலத்தீன். 'எக்செம்ப்ளி கிராட்டியா' என்றால் எடுத்துக்காட்டாக. 'இட் எஸ்ட்' என்றால் அதாவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பொருளே மாறும். அடையாளச் சான்று கொண்டுவாருங்கள், 'இ.ஜி.' ஆதார் அட்டை என்று எழுதினால், ஆதார் ஓர் எடுத்துக்காட்டு. வாக்காளர் அட்டை வைத்திருப்பவரும் வரலாம். 'ஐ.இ.' ஆதார் அட்டை என்றால் ஆதார் மட்டுமே. மேலே இருப்பதை விளக்கினால் 'ஐ.இ.', அதில் சிலவற்றைக் காட்டினால் 'இ.ஜி.' என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடிதங்களில் இவற்றுக்குப் பதில் 'ஃபார் எக்ஸாம்பிள்', 'தட் இஸ்' என்று எழுதச் சொல்வதுதான் என் வழக்கம். 'இ.ஜி.' என்று தொடங்கிய பட்டியலை 'எட்செட்ரா' போட்டு முடிக்கவேண்டியதில்லை. 'அண்ட் எட்செட்ரா'வும் வேண்டாம். 'எட்' என்பதே 'அண்ட்' தான்.

சுருக்கத்துக்கு முன்னால் 'எ' வருமா, 'ஆன்' வருமா என்று பலர் கேட்கிறீர்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'எம்' என்ற எழுத்து மெய், ஆனால் வாயில் அது 'எ' என்ற உயிர் ஒலியில் தொடங்குகிறது. எனவே 'ஆன் எம்.எல்.ஏ.'. 'யூ' உயிரெழுத்து, ஒலியோ யகரம். எனவே 'எ யூ.என். ரிப்போர்ட்'. உயிரும் மெய்யும் படித்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

'மிஸ்டர்', 'டாக்டர்' சுருக்கங்களுக்குப் பின் புள்ளி வேண்டுமா? பிரிட்டிஷ் முறையில், சொல்லின் கடைசி எழுத்து சுருக்கத்திலும் நின்றால் புள்ளி இல்லை. 'புரொபசர்' போல நடுவில் வெட்டியதற்குப் புள்ளி உண்டு. அமெரிக்க முறையில் எல்லாவற்றுக்கும் புள்ளி. இரண்டும் சரியே, ஒரே கடிதத்தில் கலக்காமல் இருந்தால் போதும். இதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. கிலோகிராமின் குறியீட்டில் இரண்டும் சிறிய எழுத்துகள். இறுதியில் வாக்கியம் முடிந்தாலொழியப் புள்ளி இல்லை, எத்தனை கிலோ ஆனாலும் 'எஸ்' சேராது. கடைப் பலகையில் எப்படியும் எழுதியிருப்பார்கள். பெரிய எழுத்து 'கே' வெப்பநிலையை அளக்கும் கெல்வினுக்கு உரியது. மூன்றாம் வகுப்புக் கணக்கிலேயே இதைப் பழக்கிவிட்டால், பின்னால் அறிவியல் ஆசிரியர் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஊருக்குப் போனதும் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். நீங்கள் பெற்றோருக்கு அனுப்பிய ஆங்கில அறிவிப்பு ஒன்றை எட்டாம் வகுப்பில் கொடுத்து, சுருக்கங்களை வட்டமிட்டு விரித்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் பி.டி.ஏ.வை 'பிசிக்கல் ட்ரெயினிங் அசெம்பிளி' என்று விரித்தான். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அவன் வீட்டுக்குப் போன அறிவிப்பு அது. விரிக்க முடியாத சுருக்கங்களைக் கரும்பலகையில் எழுதி, அதே அறிவிப்பைப் பிள்ளைகளையே திருத்தி எழுதச் செய்யுங்கள். ஒரு பாடவேளை போதும்.